ஸ்பான்சர் என்னும் ஏற்பாடு: ஏழு மாதம் தயங்கியவளின் மதிப்பீடு

குடியிலிருந்து மீள்வதற்கு நாடக்கூடிய மருத்துவமனைகளைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் மனநல ஆலோசனையைப் பற்றியும் மதிப்பிட்டு எழுதுபவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். கட்டணமும் விண்ணப்பப் படிவமும் இல்லாத, குறை இருந்தால் புகார் கொடுக்க ஓர் இடம்கூட இல்லாத ஒரு சேவையை யாரும் மதிப்பிட்டு நான் படித்ததில்லை. தன் குறைகளை ஒப்புக்கொண்டு, தன்னால் துன்பப்பட்டவர்களுக்கு ஈடு செய்து, படிப்படியாகக் குடியிலிருந்து மீளும் பன்னிரண்டு படி முறையைப் பின்பற்றும் குழுக்களில் ஸ்பான்சர் என்று ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். அதைக் கேட்கும் துணிவில்லாமல் ஏழு மாதத்தை வீணாக்கினேன்; கேட்டுப் பெற்ற பிறகு ஆறு ஆண்டுகளாக அதன் பயனை அனுபவித்து வருகிறேன். நான் செல்லும் குழு எது, எந்த அமைப்பைச் சேர்ந்தது என்பதை இங்கே குறிப்பிடவில்லை. பெயர் வெளியிடாமை இத்தகைய குழுக்களின் மரபு என்பது ஒரு காரணம். நான் சொல்லவிருக்கும் கசப்பான அனுபவங்கள் இரண்டொரு தனிமனிதர்களைச் சார்ந்தவை என்பது மற்றொரு காரணம்.

ஸ்பான்சர் என்றதும் விளையாட்டு அணிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே பணத்துக்கு இடமில்லை. நமக்கு முன்பே குடியை நிறுத்தி, பன்னிரண்டு படிகளையும் தாமே கடந்து வந்த ஓர் உறுப்பினர், புதிதாக வந்தவருக்குத் தம் அனுபவத்தைச் சொல்லி ஒவ்வொரு படியாக அழைத்துச் செல்வார். குடிக்கும் வேட்கை எழும் நேரத்தில் தொலைபேசியில் பேசக் கிடைப்பார். அவ்வளவுதான் ஏற்பாடு. அவர் மருத்துவர் அல்லர், ஆலோசகர் அல்லர், கைமாற்றுக் கொடுப்பவரும் அல்லர். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்று மீள்வதற்காகப் பன்னிரண்டு படி முறையை உருவாக்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு இதற்கென்று சட்டம் எதையும் வகுக்கவில்லை. கடைசியாகக் குடித்து ஓராண்டேனும் கடந்தவராக இருப்பது நல்லது, பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணும் ஸ்பான்சராக இருப்பது நல்லது என்ற அளவில் சில பரிந்துரைகளை மட்டும் முன்வைக்கிறது.

இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை வாசலிலேயே இருக்கிறது. யாரும் நமக்கு ஒரு ஸ்பான்சரை ஒதுக்கித் தருவதில்லை. நாமே ஒருவரைத் தேர்ந்து, அவர் முன் நின்று, வாய் திறந்து கேட்க வேண்டும். குடியை விட்டு மூன்று வாரமான ஒருவருக்கு உறக்கம் சரியாக வந்திருக்காது, கை நடுக்கம் முழுதும் அடங்கியிருக்காது, கண்ணாடியில் தன் முகத்தையே நேருக்கு நேர் பார்க்கக் கூசும். அந்த நிலையில் இருப்பவரைப் பார்த்து, அறிமுகமில்லாத ஒருவரிடம் போய் உன் வாழ்க்கையின் குப்பையை எல்லாம் கிளற உதவும்படி கேள் என்று சொல்வது, கால் முறிந்தவரிடம் வைத்தியர் மேல்மாடியில் இருக்கிறார், ஏறிப் போய்ப் பார் என்று சொல்வதற்கு ஒப்பானது.

நான் அந்த மாடிப்படியின் அடியிலேயே ஏழு மாதம் நின்றேன். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், ஸ்பான்சராக இருக்க முன்வருபவர்கள் கை உயர்த்துங்கள் என்று நடத்துபவர் கேட்பார். சரியாக அந்த நொடியில் எனக்குக் கைப்பைக்குள் எதையோ தேடும் வேலை வந்துவிடும். அந்தப் பையின் உள்ளறைகளை நான் அறிந்திருந்த அளவுக்கு, உயர்ந்த கைகளுக்கு உரிய முகங்களை அறிந்திருக்கவில்லை. ஒருமுறை, கூட்டத்தில் அதிகம் பேசாத ஒரு மூத்த பெண்மணி தாமாகவே வந்து தம் எண்ணைக் கொடுத்தார். நன்றி சொல்லிப் பெற்றுக்கொண்டு, வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அதைத் தொலைபேசியில் "பிளம்பர்" என்ற பெயரில் பதிந்து வைத்தேன். எனக்கு மது வாங்கி வந்து தந்தவரின் எண்ணை முன்பு "தையற்காரர்" என்று பதிந்து வைத்திருந்தேன். பழகிய கை, பழகிய வேலையைச் செய்துவிட்டது. அந்த ஏழு மாதத்தில் பிளம்பரை நான் ஒருமுறைகூட அழைக்கவில்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

என்ன பயம் என்று என்னிடம் யாராவது அப்போது கேட்டிருந்தால், மறுத்துவிடுவார்களோ என்ற பயம் என்று சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை. ஒப்புக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்பதே அடியில் கிடந்த பெரிய பயம். ஒப்புக்கொள்கிறவர் நம்மைப் படிகளின் வழியே நடத்தத் தொடங்குவார். நான்காம் படியில் தன் குற்றங்குறைகளை அஞ்சாமல் தேடிக் கணக்கெடுக்க வேண்டும். ஐந்தாம் படியில் அவற்றின் உண்மையான தன்மையைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடவுளிடம் சொல்வதில் எனக்குச் சிரமம் ஏதும் தோன்றவில்லை. அவர் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அந்த இன்னொரு மனிதர்தான் இடித்தார். ஸ்பான்சர் இல்லாத வரையில் நான்காம் படியும் இல்லை, ஐந்தாம் படியும் இல்லை; வாரம் மூன்று நாள் கூட்டத்துக்குப் போய் வருகிறேன் என்ற நல்ல பெயர் மட்டும் உண்டு. என் தயக்கத்துக்குள் எவ்வளவு கணக்கு இருந்தது என்பது எனக்கே பின்னால்தான் புரிந்தது.

குடித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் கேட்கத் தெரியாதவளாக இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் கேட்டிருக்கிறேன், விடுப்புக் கேட்டிருக்கிறேன், மன்னிப்பும் அதன் பிறகு இன்னொரு மன்னிப்பும் கேட்டிருக்கிறேன், இதுதான் கடைசி என்று சொல்லி எத்தனையோ கடைசி வாய்ப்புகளைக் கேட்டுப் பெற்றிருக்கிறேன். அந்த வேண்டுதல் ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கொடுக்க ஒரு பொய் தயாராக இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், வண்டி பழுது, வங்கியில் கோளாறு. ஸ்பான்சரைக் கேட்பதற்கு மட்டும் எந்தப் பொய்யும் பொருந்தவில்லை. எனக்குத் தனியாக முடியவில்லை என்பதைத் தவிரச் சொல்வதற்குக் காரணம் எதுவும் இல்லாததால், கேட்பதில் கைதேர்ந்த என் நாக்கு அங்கே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கேட்பதற்கு மூன்று சொற்களைத் தமிழ் இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. கேட்கப்படுபவரைவிடத் தாழ்ந்தவர் "ஈ" என்று கேட்பார். நிகரானவர் "தா" என்று கேட்பார். உயர்ந்தவர் "கொடு" என்று கேட்பார். ஏழு மாதமும் நான் "ஈ" என்று கேட்பதாகவே மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருப்பவர் கரையேறிவிட்டவர், நான் சேற்றில் கிடப்பவள், அவர் இரங்கினால் எனக்கு வாழ்வு என்ற காட்சிதான் அந்த ஒத்திகையில் இருந்தது. அந்தக் காட்சியில் நடிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ஏற்பாடு தோன்றிய கதையை விவரமாக அறிந்தபோதுதான், நான் தேடிக்கொண்டிருந்த சொல்லே தவறு என்று தெரிந்தது.

1935 மே மாதத்தில், நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகருக்கு வந்து, எடுத்த வணிக முயற்சி தோற்றுப்போன நிலையில், மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நின்றார். அவர் கடைசியாகக் குடித்தது முந்தைய ஆண்டு டிசம்பரில். ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒருபுறம் மதுக்கூடத்திலிருந்து வந்த பேச்சொலி, மறுபுறம் தொலைபேசியும் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும். அவர் தொலைபேசியை எடுத்தார். ஒரு பாதிரியார் மூலமாக ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியின் தொடர்பு கிடைக்க, அவர் டாக்டர் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். அந்த மருத்துவரும் தீராக் குடிகாரர். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையைப் பல கூட்டங்களில் கேட்டிருந்தும், யார் யாரிடம் எதைக் கேட்டார் என்பதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். பில் வில்சன் அந்தத் தொலைபேசியை எடுத்தது யாரையோ காப்பாற்றும் பெருந்தன்மையால் நிகழ்ந்ததன்று. இன்னொரு குடிநோயாளியிடம் பேசாவிட்டால் அன்று மாலை தாமே குடித்துவிடுவோம் என்ற அச்சத்தால் எடுத்தார். பின்னாளில் ஸ்பான்சர் என்று எவரை அழைப்போமோ அவரே அங்கே கேட்பவராகவும் இருக்கிறார். இருவரில் எவர் எவருக்கு உதவினார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் அந்த மருத்துவர் ஒரு மருத்துவ மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டிக்குப் போனபோது ஒருமுறை சறுக்கிக் குடித்தார் என்பதும், அதற்கப்பால் அவர் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10-ஆம் நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது என்பதும், சறுக்கியவர்களுக்கு முகம் காட்டக் கூசும் நேரத்தில் நினைத்துக்கொள்ளத் தக்கவை.

புதியவரையே கேட்க வைப்பது பற்றிய என் முறையீட்டுக்கு இன்னொரு செய்தியும் வலுச் சேர்க்கிறது. 1939-இல் வெளியான அந்த அமைப்பின் அடிப்படை நூலுடைய முதன்மைப் பகுதியில் ஸ்பான்சர் என்ற சொல்லே வருவதில்லை. அதே ஆண்டில் ஆக்ரனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சகோதரி இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரியும் டாக்டர் ஸ்மித்தும் குடிநோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அங்கு வரும் நோயாளிக்குக் குழு உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்று, உடனிருந்து பார்த்து, வெளியே வந்ததும் கூட்டத்துக்கு அழைத்துச் செல்வார். அந்தக் காலத்தில் நோயாளி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஸ்பான்சர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். புதியவரே தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்ற இன்றைய நடைமுறை ஆதி நாளிலிருந்து வந்த மாற்ற முடியாத விதி என்று பேசும் மூத்தவர்களிடம் இதை நான் சொல்வதுண்டு. சில குழுக்கள் முதல் நாளே தற்காலிக ஸ்பான்சர் ஒருவரைக் கைகாட்டி விடுகின்றன. எல்லாக் குழுக்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. கேட்கும் பழக்கம் வர வேண்டும் என்பதற்காகவே கேட்க வைக்கிறோம் என்ற எதிர்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை; ஆனால் அந்தப் பழக்கம் வருவதற்குள் திரும்பிப் போய்விட்டவர்களின் நாற்காலிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

என் நாற்காலியும் காலியாகியிருக்கும். ஏழாம் மாத முடிவில் ஓர் இரவு நான் குடித்தேன். மறுநாள் கூட்டத்தில் மீண்டும் முதல் நாள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகு, இழப்பதற்கு நல்ல பெயர்கூட மிஞ்சவில்லை என்பதனால்தான் வாய் திறந்தது. அதைத் துணிவு என்று சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முதலில் நான் கேட்டது, எங்கள் கூட்டத்திலேயே மிக அழகாகப் பேசக்கூடிய ஒருவரை. அவர் தம் கதையைச் சொன்னால் அறை முழுதும் அசையாமல் கேட்கும். ஏற்கெனவே மூன்று பேருக்கு ஸ்பான்சராக இருப்பதாகவும், இன்னொருவரை ஏற்றால் யாருக்கும் ஒழுங்காகச் செய்ய முடியாது என்றும் அவர் சொன்னார். இரவெல்லாம் அதை அவமதிப்பாகவே உருட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் இல்லாத நேரத்தை இருப்பதாகச் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன் என்பதுதான் அந்தப் பதிலின் பொருள் என்பது பிறகு விளங்கியது. அவ்வளவு நேர்மையான மறுப்பு என் குடிகாலத்தில் எனக்குக் கிடைத்திருந்தால் எத்தனையோ கடன்கள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து வந்தவர் தாமாகவே முன்வந்தார், அதுவும் மிகுந்த உற்சாகத்துடன். கூட்டத்துக்கு எந்த உடையில் வர வேண்டும் என்பதிலிருந்து யாருடன் பேசக் கூடாது என்பது வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் உத்தரவு இருந்தது. மூன்றாம் வாரத்தில், மனச்சோர்வுக்காக என் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் போதைதான், அதை நிறுத்தினால்தான் உண்மையான தெளிவு என்றார். நான் நிறுத்தவில்லை, அவரைத்தான் நிறுத்தினேன். இதை அழுத்தமாக எழுதக் காரணம் உண்டு. மருத்துவர் பரிந்துரைத்த மருந்தை விடச் சொல்லும் உரிமை எந்த ஸ்பான்சருக்கும் கிடையாது. எந்த உறுப்பினரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் வெளிப்படையான நிலைப்பாடு. அதேபோல, நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்த முதல் நாள்களுக்குத் தேவை மருத்துவமனை. ஸ்பான்சர் அதற்கு மாற்று ஆகமாட்டார்.

மூன்றாவதாக நான் கேட்டவர் அந்தப் பிளம்பர். அவரை அதுவரை நினைக்காததற்குக் காரணம், அவரிடம் கவரும்படி ஒன்றும் இல்லை. பேசச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருக்க, அவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்துக்கொண்டிருப்பார். பதினோரு ஆண்டாகக் குடிக்காத ஒருவர் எப்படி இருப்பார் என்று நான் எதிர்பார்த்த ஒளிவட்டம் அவரிடம் இல்லை. ஒருநாள் வேறு வழி தெரியாமல் நானும் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் கைக்கு ஒரு வேலை இருந்தது பெரிய உதவியாக இருந்தது.

"அக்கா, எனக்கு யாருமே இல்லை" என்றேன்.

"சரி. ஆனால் நீ இன்னும் ஒன்றும் கேட்கவில்லையே, அம்மா" என்றார் அவர், நாற்காலியை அடுக்கிக்கொண்டே.

எனக்குக் கோபம்கூட வந்தது. அதை விழுங்கிவிட்டு, "முதல் மூன்று படி வரைக்கும் என்னோடு வருவீர்களா?" என்று கேட்டேன்.

"நாளைக் காலை ஏழு மணிக்குக் கூப்பிடு. ஒரு மாதம் பார்ப்போம். உனக்கு ஒத்துவரவில்லை என்றால் சொல்லிவிடு, எனக்கு ஒத்துவரவில்லை என்றால் நானும் சொல்லிவிடுவேன். எனக்கும் இப்போது யாரிடமாவது பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என் ஒத்திகையில் இல்லாத வசனம். பதினோரு ஆண்டு கடந்தவருக்கும் நான் தேவைப்பட்டேன். "தா" என்று கேட்கக்கூடிய இடம் அது.

சேவையின் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் மாதம் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அழைத்தேன். பேச்சு பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். குடிக்க வேண்டும்போல் இருக்கிறது என்று நான் சொன்னால், அவர் தத்துவம் பேசுவதில்லை. சாப்பிட்டாயா, யார்மேல் கோபம், இன்று யாரோடாவது பேசினாயா, எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று நான்கு கேள்வி கேட்பார். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் முதலில் கவனி என்பது இந்தக் குழுக்களில் வழங்கும் பழைய அறிவுரை. அதை அறிவுரையாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பத்துக்கு எட்டுமுறை விடை அந்த நான்கிலேயே கிடைத்தது. இரவு பத்து மணிக்குமேல் அழைப்பதாக இருந்தால், குடிப்பதற்கு முன் அழை, குடித்த பின் அழைத்தால் காலையில்தான் பேசுவேன் என்ற ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கொடுமை என்று அப்போது தோன்றிய அந்த நிபந்தனை இருமுறை என்னைக் காப்பாற்றியது.

நான்காம் படியை எழுத எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. ஐந்தாம் படிக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று வைத்திருந்த ஒன்றை நான் கடைசி வரைக்கும் ஒத்திப்போட்டு, குரல் கம்மச் சொல்லி முடித்தபோது, அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் செய்திருக்கிறேன்" என்றார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னார். ஏழு மாதம் நான் எதற்கு அஞ்சினேனோ அது இவ்வளவுதான். எட்டாம், ஒன்பதாம் படிகளில், நம்மால் துன்பப்பட்டவர்களின் பட்டியலைப் போட்டு அவர்களுக்கு ஈடு செய்யும் கட்டத்தில், அவருடைய பயன் இன்னும் கூடுதலாக இருந்தது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது அவர்களுக்கே மேலும் தீங்காகும் என்பதைப் பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

குறைகளை மறைத்தால் இது மதிப்பீடு ஆகாது. ஸ்பான்சர்களின் தரம் ஒருவருக்கொருவர் பெரிதும் மாறுபடுகிறது. அவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் மேற்பார்வையும் கிடையா. என்னை மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் அதற்குப் பிறகும் கை உயர்த்திக்கொண்டுதான் இருந்தார். புதிதாக வரும் பெண்களிடம் உதவி என்ற பெயரில் நெருங்கும் ஆண்கள் எங்கும் இருக்கிறார்கள் என்பதால், பெண்ணுக்குப் பெண் என்ற பரிந்துரையை நான் பரிந்துரையாக இல்லாமல் விதியாகவே கொள்வேன். 1939-இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் சேர்ந்த மார்ட்டி மேன் என்ற பெண்மணிக்கு பில் வில்சனே ஸ்பான்சராக இருந்தார். கேட்பதற்குப் பெண்களே அநேகமாக இல்லாத காலம் அது. இன்றும் பெண்கள் குறைவாக உள்ள குழுவில் இருப்பவர்கள், இணையவழிக் கூட்டங்களில் வரும் பெண்களிடம் கேட்கலாம். குரல் மட்டுமே துணையாக இருந்தாலும் அது துணைதான். கடவுள் பற்றிய பேச்சு ஒத்துவராதவர்களுக்கும் சிக்கல் உண்டு. நாம் புரிந்துகொண்டபடியான கடவுள் என்று படிகளில் இடம் விடப்பட்டிருந்தாலும், சில ஸ்பான்சர்கள் தாம் புரிந்துகொண்டபடியான கடவுளையே நமக்கும் தருவார்கள். அத்தகையவர்கள் வேறொருவரைத் தேடலாம். அல்லது, ஸ்மார்ட் ரிக்கவரி போல ஸ்பான்சர் என்ற ஏற்பாடே இல்லாத முறைகளையும் பார்க்கலாம். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

இது வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு என் ஒருத்தியின் கதை போதாது என்பது தெரியும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் எடுத்துக்கொண்டு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸுக்கு முறையாக வழிப்படுத்தும் சிகிச்சைகள், குடியை முற்றிலும் விட்டு இருப்பதில் மற்ற நிறுவப்பட்ட சிகிச்சைகளைவிடக் கூடுதலான பலன் தருவதாகக் கண்டது. அது முழுத் திட்டத்தைப் பற்றிய முடிவு. ஸ்பான்சரை மட்டும் தனியே பிரித்து எடைபோட்டது அன்று. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சிகிச்சை ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2004-இல் வெளிவந்த கட்டுரையில், பிற குடிநோயாளிகளுக்கு உதவியவர்கள் சிகிச்சைக்குப் பிந்தைய ஓராண்டில் மீண்டும் குடிப்பது குறைவாக இருந்தது. எத்தனை கூட்டங்களுக்குப் போனார்கள் என்பதைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாடு நின்றது. அதைப் படித்தபோது, எனக்கும் யாரிடமாவது பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்ற அக்காவின் பதில்தான் என் நினைவுக்கு வந்தது. கேட்கத் தயங்குகிறவர்கள், தாம் ஒருவருக்குச் சுமையாகப் போகிறோம் என்று எண்ணுகிறார்கள். கேட்கப்படுபவரின் கணக்குப் புத்தகத்தில் அது வேறு பக்கத்தில் எழுதப்படுகிறது.

எப்படிக் கேட்பது என்று சொல்லாமல் விட்டால், இதைப் படிக்கும் யாரோ ஒருவர் என்னைப் போலவே கைப்பையைத் துழாவிக்கொண்டிருப்பார். அழகாகப் பேசுபவரை விட்டுவிட்டு, கூட்டம் முடிந்த பிறகு என்ன செய்கிறார் என்று பார்த்து ஆளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவருக்கும் ஒரு ஸ்பான்சர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், இல்லை என்றால் யோசியுங்கள். என் வாழ்நாள் முழுதும் வழிகாட்டுங்கள் என்று கேட்டால் எவரும் மிரளுவார். ஒரு மாதத்துக்கு, அல்லது முதல் மூன்று படிகளுக்கு என்று எல்லை வைத்துக் கேட்டால் கேட்பவருக்கும் எளிது, ஒப்புக்கொள்பவருக்கும் எளிது. நேரில் வாய் வரவில்லை என்றால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். அதற்கு மதிப்புக் குறைவு ஒன்றும் இல்லை. மறுத்தால், வேறு யாரைக் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மாத்திரையை நிறுத்தச் சொன்னவரிடம் மூன்று வாரம் அகப்பட்டிருக்க மாட்டேன்.

போன மாதம், வந்து ஐந்து வாரமே ஆன ஓர் இளம்பெண், கூட்டம் முடிந்து நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள். அதை அடுக்கின்மேல் வைத்த பிறகும் போகவில்லை. தனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை என்றாள். அக்கா என்னிடம் சொன்னதைப் போல, நீ இன்னும் ஒன்றும் கேட்கவில்லையே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு மாதத்தின் நீளம் எனக்குத் தெரியும். வேண்டுமானால் நாளைக் காலை என்னைக் கூப்பிடலாமே என்று சொல்லி, என் எண்ணைச் சொன்னேன். அவள் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்திவிட்டு, பெயர் கேட்ட இடத்தில் விரலை நிறுத்தி, வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பெயரில் போடட்டும், அக்கா?" என்று கேட்டாள்.

எதுவாக இருந்தாலும் சரி, காலையில் தேடி எடுக்கும்படியான பெயராக இருக்கட்டும் என்றேன். அவள் எதைப் பதிந்தாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.